பார்சிலோனாவின் சோயா நாட்கள்

1981 முதல் 1987 வரை ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரத்தில் 26 நாட்கள் மருத்துவர்களைக் குழப்பின. அந்த ஒவ்வொரு நாளிலும் சில மணி நேரத்துக்குள் ஆஸ்துமா நோயாளிகள் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் வந்து குவிந்தார்கள். பலருக்கு முன்னறிகுறி என்று ஒன்றுமே இல்லை. வேலையில் இருந்தவர், தெருவில் நடந்தவர் எல்லாம் திடீரென்று மூச்சு முட்டி விழுந்தார்கள். சிலருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டது, சிலர் இறந்தும் போனார்கள். மறுநாள் பார்த்தால் நகரம் பழையபடி இருக்கும். தொற்றுநோய் இப்படி வந்து இப்படிப் போகாது. பருவகால மகரந்தமாக இருந்தால் வாரக்கணக்கில் நீடிக்கும். ஒரு பெரிய துறைமுக நகரத்தின் ஜனத்தொகையில் ஒரு சிறு பகுதியை மட்டும் குறிவைத்து, ஒரே பொழுதில் அடித்துவிட்டுப் போகும் இந்த நோய் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஆறேழு ஆண்டுகள் பிடித்தன. அந்தத் தேடலின் வரலாறு, ஒவ்வாமை மருத்துவத்தின் மிகப் பழைய கேள்வி ஒன்றுக்குக் கிடைத்த மிகத் தெளிவான விடைகளுள் ஒன்று.

கேள்வி இதுதான். ஒரே பொருளுக்கு ஒவ்வாமை உள்ள இரண்டு பேரில் ஒருவர் வெறும் தும்மலோடு தப்பிக்கிறார், இன்னொருவர் ஆக்சிஜன் முகமூடியோடு படுக்கிறார். ஏன்? நெடுங்காலம் மருத்துவம் இதற்கான விடையை நோயாளியின் உடம்புக்குள்ளேயே தேடியது. ஒருவருடைய ஒவ்வாமை எவ்வளவு தீவிரமோ அவ்வளவு தீவிரமாக நோயும் இருக்கும் என்ற கணக்கு கேட்பதற்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் பார்சிலோனாவும் அதற்கு முன்னும் பின்னும் இதே அனுபவத்தைப் பெற்ற ஊர்களும் காட்டுவது வேறு. யாருக்கு நோய் வரலாம் என்பதை உடம்பின் ஒவ்வாமை சொல்கிறது. எவ்வளவு கடுமையாக வரும் என்பதைப் பெரும்பாலும் அவர் மூச்சிழுக்கும் காற்று தீர்மானிக்கிறது: அதில் அந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது, எந்த அளவுத் துகளாக இருக்கிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பவை. ஆகவே ஆஸ்துமாவின் கடுமைக்கு ஒரு ஊர் வரலாறும் உண்டு. இந்தக் கட்டுரையின் வாதம் அதுதான்.

மூக்கும் மார்பும் ஒரே நோயின் இரண்டு இடங்கள் என்பது நவீன மருத்துவம் இந்த நோயைப் பதிவு செய்த முதல் நாளிலேயே தெரிந்த விஷயம். 1819 மார்ச்சில் ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர் லண்டனில் ஒரு மருத்துவச் சங்கத்தின் முன் படித்த கட்டுரை, கோடைதோறும் வரும் ஒரு தொல்லையைப் பற்றியது. கண் அரிப்பு, தும்மல், மூக்கொழுகல் ஆகியவற்றோடு மார்பு இறுக்கமும் மூச்சுத் திணறலும் அதில் சொல்லப்பட்டன. அந்த நோயாளி அவரேதான். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை; கோடையின் வெப்பத்தின் மீது பழி போட்டார். காரணத்தை நிறுவியவர் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. அவர் 1873இல் வெளியிட்ட நூல், புல்லின் மகரந்தமே குற்றவாளி என்று சோதனை மேல் சோதனையாகக் காட்டியது. பசை தடவிய கண்ணாடிச் சில்லுகளை வெளியில் வைத்து, அவற்றில் ஒட்டிய மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணினார். பட்டத்தில் கட்டி உயரத்துக்கு அனுப்பியும் எண்ணினார். எண்ணிக்கை ஏறிய நாட்களில் தன் மூக்கும் மார்பும் எப்படி இருந்தன என்று குறித்து வைத்தார். தன் தோலைக் கீறி மகரந்தத்தைத் தடவி, அங்கே எழுந்த தடிப்பையும் பதிவு செய்தார். இன்றைக்கு ஒவ்வாமை மருத்துவமனைகளில் நடக்கும் தோல் பரிசோதனைக்கும், பல நகரங்களில் வெளியாகும் தினசரி மகரந்தக் கணக்குக்கும் மூதாதை அவர்தான்.

பிளாக்லியின் நூலில் இரண்டு உண்மைகள் அருகருகே இருக்கின்றன. காற்றில் மகரந்தம் கூடக் கூட நோய் கூடுகிறது என்பது ஒன்று. மகரந்தத்திலேயே நாளெல்லாம் உழைக்கும் விவசாயிகளுக்கு இந்த நோய் அரிதாகவும், நகரத்துப் படித்த வர்க்கத்தாருக்கு அதிகமாகவும் வருகிறது என்பது மற்றொன்று. அதாவது அளவு மட்டும் போதாது, உடம்பும் அதற்குத் தோதாக இருக்க வேண்டும். உடம்பு மட்டும் போதாது, அளவும் வேண்டும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்ற பாடம் 1873லேயே கையில் இருந்தது. ஆனால் அடுத்த நூறு ஆண்டுகளில் மருத்துவத்தின் கவனம் உடம்பின் பக்கமே சாய்ந்தது. அதற்கும் நல்ல காரணங்கள் இருந்தன. 1911இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் லியோனார்ட் நூன், எவ்வளவு நீர்த்த மகரந்தக் கரைசலைக் கண்ணில் விட்டால் கண் சிவக்கிறது என்று பார்த்து, ஒருவரின் ஒவ்வாமையை எண்ணால் அளக்க முயன்றார். 1921இல் ஜெர்மனியில் கார்ல் பிரவுஸ்னிட்ஸ், மீன் ஒவ்வாமை கொண்ட தன் சக மருத்துவர் ஹைன்ஸ் க்யூஸ்ட்னரின் ரத்த நீரைத் தன் தோலில் ஏற்றிக்கொண்டு, பிறகு அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தி, ஒவ்வாமை ரத்தத்தின் வழியே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றப்படக்கூடியது என்று காட்டினார். ரத்தத்தில் உள்ள அந்தப் பொருள் என்ன என்பதை 1960களின் பிற்பாதியில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும் ஸ்வீடனில் யோஹான்சனும் பென்னிச்சும் தனித்தனியே கண்டறிந்தார்கள். 1968இல் அதற்கு ஐஜிஇ என்ற பெயர் நிலைத்தது.

ஐஜிஇயின் வருகைக்குப் பிறகு ஒவ்வாமை என்பது சோதனைக் குழாயில் அளக்கக்கூடிய ஒன்றாயிற்று. இது பெரிய லாபம். கூடவே ஒரு பழக்கமும் வந்தது: ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எண் பெரிதாக இருந்தால் நோய் பெரிது, சிறிதாக இருந்தால் நோய் சிறிது என்று வாசிக்கும் பழக்கம். காற்றில் என்ன இருந்தது, அன்றைக்கு எந்தத் திசையில் காற்றடித்தது என்று யாரும் சீட்டில் எழுதுவதில்லை. ஆனால் ஊர்கள் தங்கள் பங்குக்குச் சாட்சி சொல்லிக்கொண்டுதான் இருந்தன. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டொலிடோ நகரத்து ஆமணக்கெண்ணெய் ஆலையைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்கு ஆஸ்துமா கூட்டமாக வருவதை இரண்டு மருத்துவர்கள் 1928இல் பதிவு செய்தார்கள். எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கின் தூசிதான் காரணம். அவர்களில் பலர் ஆலைக்குள் கால் வைத்தவர்களே இல்லை, காற்று வீசும் திசையில் வீடு இருந்ததுதான் அவர்கள் செய்த தவறு. 1950களில் பிரேசிலின் பவுரு நகரத்திலும் ஆமணக்கு ஆலை ஒன்றைச் சுற்றி இதே கதை நடந்து, உயிர்களும் போயின. நியூ ஆர்லியன்ஸ் நகரத்திலோ 1950கள், 60களில் ஆஸ்துமா அலை அலையாக வந்து சாரிட்டி மருத்துவமனையை நிரப்பியது. குப்பைமேட்டுப் புகை, ஆலைப் புகை என்று பலவற்றின் மேலும் சந்தேகம் போயிற்று. எதுவும் முடிவாகவில்லை.

பார்சிலோனாவிலும் முதலில் சந்தேகம் புகை மேல்தான் விழுந்தது. நெரிசலான தொழில் நகரம், மலைக்கும் கடலுக்கும் நடுவே அடைபட்டுக் கிடக்கும் காற்று; வண்டிப் புகையும் தொழிற்சாலைப் புகையும் தேங்குவதற்கு ஏற்ற ஊர். ஆனால் அளந்து பார்த்தபோது ஆஸ்துமா நாட்களுக்கும் புகை அளவுக்கும் பொருந்தி வரவில்லை. ஜோசப் மரியா அன்டோ, ஜோர்டி சுன்யெர் ஆகியோரின் குழு நோயாளிகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தது. எந்த இடத்தில் இருந்தபோது மூச்சுத் திணறல் தொடங்கியது என்று கேட்டுக் கேட்டுக் குறித்த புள்ளிகள், துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளில் அடர்ந்தன. ஒரே இடத்திலிருந்து கிளம்பும் ஏதோ ஒன்று என்பது 1986இல் உறுதியாயிற்று. துறைமுகத்தில் அன்றன்றைக்கு என்னென்ன சரக்கு இறங்கியது என்பதற்குப் பதிவேடு இருக்கிறது. அடுத்து அதைப் புரட்டினார்கள். 1985, 1986 இரண்டு ஆண்டுகளில் வந்த 13 ஆஸ்துமா நாட்களிலும், ஒன்று விடாமல், சோயா இறங்கியிருந்தது. வேறு 26 சரக்குகளையும் இதே போலச் சோதித்தார்கள். கோதுமைக்கு மட்டும் ஒரு தொடர்பு தெரிந்தது. சோயா இறங்கிய நாட்களைக் கணக்கில் கழித்துப் பார்த்ததும் அதுவும் மறைந்தது. அந்த நாட்களில் எல்லாம் வானிலையும் ஒன்று போலவே இருந்தது: உயர் காற்றழுத்தம், துறைமுகத்திலிருந்து ஊரை நோக்கித் தெற்கிலிருந்து மெல்ல வீசும் காற்று.

சோயா மட்டும் ஏன்? கப்பலின் அடித்தளத்திலிருந்து எடுக்கும் தானியம் பட்டைகளில் ஏறி, சைலோ என்னும் உயர்ந்த தானியக் கோபுரத்தின் உச்சிக்குப் போய், அங்கிருந்து உள்ளே கொட்டப்படுகிறது. மேலிருந்து தானியம் விழ விழ, உள்ளே இருந்த காற்று இடம் கொடுத்து மேலே கிளம்பும். உராய்ந்து உதிர்ந்த தோலின் பொடியையும் அது தன்னோடு கொண்டுவரும். அதைப் பிடிப்பதற்காகக் கோபுர உச்சியில் துணிப்பை வடிகட்டிகள் இருக்க வேண்டும். பார்சிலோனா துறைமுகத்தின் சைலோக்களில் ஒன்றுக்கு அந்த வடிகட்டிகள் இல்லை. நகரத்தின் நடுவே வைத்த காற்றுச் சேகரிப்புக் கருவிகளில் சிக்கிய மாவுத் துகளும் தோல் திசுவும் நுண்ணோக்கியில் சோயாவுடையவற்றோடு அச்சாக ஒத்துப்போயின. ஒவ்வாமையைத் தூண்டிய புரதங்கள் சோயாவின் மேல்தோலில் இருப்பவை. எண்ணெய்க்கும் மாவுக்கும் பயன்படும் பருப்பின் பகுதி இங்கே குற்றவாளி இல்லை. உதிர்வதும் தோல், பறப்பதும் தோல், சுவாசக் குழாயைக் கெடுப்பதும் தோல். பிற்பாடு 1997இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நியூ ஆர்லியன்ஸின் பழைய பதிவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தபோது, அந்த ஊரின் ஆஸ்துமா நாட்களுக்கும் துறைமுகத்தில் சோயாக் கப்பல்கள் நின்ற நாட்களுக்கும் தொடர்பு இருப்பது தெரிந்தது. முப்பது ஆண்டு மர்மத்துக்குப் பார்சிலோனா கொடுத்த சாவி பொருந்தியது.

இனி உடம்பின் பங்குக்கு வருவோம். துறைமுகக் காற்றைப் பல லட்சம் பேர் மூச்சிழுத்தார்கள், பாதிக்கப்பட்டவர்களோ மிகச் சிலர். யார் அவர்கள்? ஆஸ்துமா நாட்களில் மருத்துவமனைக்கு வந்த 86 பேருடைய ரத்தத்தையும், வேறு சாதாரண நாட்களில் ஆஸ்துமாவோடு வந்த 86 பேருடைய ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குச் சோயாவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தது. இரண்டாவது கூட்டத்தில் அது நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட இல்லை. இரண்டாவது கூட்டத்தாரும் ஆஸ்துமா நோயாளிகள்தான், அவர்களுக்கும் அதே ஊர், அதே காற்று. ஆனால் சோயா ஒவ்வாமை இல்லாததால் சோயா நாட்கள் அவர்களைத் தீண்டவில்லை. ஆக, ஒவ்வாமை இல்லாமல் இந்த நோய் இல்லை. அதே சமயம், சோயா இறங்காத நாட்களிலும் அந்த முக்கால்வாசிப் பேருடைய ரத்தத்தில் அதே ஐஜிஇ இருந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்கு அவர்கள் தங்கள் பாட்டுக்கு வேலைக்குப் போய் வந்தார்கள். ஒரே ஆள், ஒரே ரத்தம். ஒரு நாள் சாதாரண மனிதர், மறுநாள் உயிருக்குப் போராடுபவர். இந்த வேறுபாட்டை ரத்தப் பரிசோதனைச் சீட்டால் விளக்க முடியாது, துறைமுகத்தின் சரக்குப் பதிவேட்டால் விளக்க முடியும்.

இது வெறும் ஒற்றுமைதானே, இரண்டு விஷயங்கள் ஒரே நாளில் நடந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடுமா என்று கேட்பவர்கள் அப்போதும் இருந்தார்கள். நியாயமான கேள்விதான். காற்றழுத்தம் உயர்ந்து காற்று தேங்கும் நாளில் ஊரின் புகையும் தேங்கும், வேறு கண்ணுக்குத் தெரியாத மாசும் சேரும். இதற்குப் பதில் சொல்லக் கணக்கியலைக் காட்டிலும் உறுதியான வழி ஒன்று இருந்தது. அதை நகரமே செய்து காட்டியது. குறைபட்ட சைலோவுக்கு வடிகட்டிகள் பொருத்தப்பட்டன, சரக்கு இறக்கும் முறையும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. ஊர்க் காற்றில் சோயாத் தூசி வெகுவாகக் குறைந்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் ஆஸ்துமா நாட்கள் திரும்பவில்லை. இந்த முடிவை அதே குழு 1993இல் வெளியிட்டது. நோயாளிகளின் ரத்தத்தை யாரும் மாற்றவில்லை, புதிய மருந்து எதுவும் கொடுக்கவில்லை. சோயா வாணிகமும் நிற்கவில்லை. காற்றிலிருந்து தூசியை எடுத்ததும் கடுமை போயிற்று. காரண காரியத்துக்கு இதைவிட நேரான சான்று நோயியலில் அபூர்வம்.

ஒரு துறைமுகத்தின் விசித்திர விபத்தை வைத்துக்கொண்டு ஆஸ்துமா முழுமைக்கும் விதி எழுதலாமா என்ற அடுத்த ஆட்சேபத்துக்கு மற்ற இடங்களின் சான்றுகள் பதில் சொல்கின்றன. அமெரிக்கப் பெருநகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் வாழ்ந்த 476 ஆஸ்துமாக் குழந்தைகளைப் பற்றி 1997இல் வெளியான ஆய்வு ஒன்று, அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குக் கரப்பான் ஒவ்வாமை இருப்பதைக் கண்டது. படுக்கையறைத் தூசியில் கரப்பானின் புரதம் எவ்வளவு என்பதையும் அளந்தது. ஒவ்வாமையும் இருந்து, அறைத் தூசியிலும் கரப்பான் புரதம் அதிகமாக இருந்த குழந்தைகள், மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேலாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒவ்வாமை மட்டும் இருந்தவர்கள், தூசி மட்டும் இருந்தவர்கள் ஆகியோரிடம் இந்தக் கடுமை தெரியவில்லை. அமெரிக்காவின் வடமத்திய மாநிலங்களில் ஆஸ்துமாவால் திடீரென்று சுவாசம் நின்றுபோன 11 இளம் நோயாளிகளை ஆராய்ந்து 1991இல் வெளியான இன்னொரு ஆய்வில், 10 பேருக்கு ஆல்டர்னேரியா என்ற பூஞ்சைக்கு ஒவ்வாமை இருந்தது. ஒப்பிடப்பட்ட மற்ற ஆஸ்துமா நோயாளிகளில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சம்பவங்களும் பூஞ்சை வித்துகள் காற்றில் மிகுந்திருக்கும் கோடையிலும் இலையுதிர் காலத் தொடக்கத்திலுமே நடந்தவை. வயல், வீடு, துறைமுகம் என்று இடம் மாறினாலும் கணக்கு ஒன்றுதான்: உடம்பின் ஒவ்வாமையும் காற்றின் அளவும் சந்திக்கும் இடத்தில் கடுமை பிறக்கிறது.

மூக்குக்கும் மார்புக்கும் உள்ள உறவும் இந்தக் கணக்கில்தான் விளங்குகிறது. ரைகிராஸ் என்ற மேய்ச்சல் புல்லின் மகரந்தத் துகள், மூக்கின் ஈரச் சுவரைத் தாண்டி உள்ளே போக முடியாத அளவுக்குப் பெரியது. அது மூக்கிலேயே சிக்கி, தும்மலும் அரிப்பும் நீர்வடிதலுமாக முடியும். ஆனால் மழைநீர் பட்டதும் அதே துகள் வெடித்து, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 700 மாவுத் துணுக்குகளை வெளியே கொட்டுகிறது என்று 1992இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தத் துணுக்குகள் மூன்று மைக்ரானுக்கும் குறைவு; மூக்கைக் கடந்து நுரையீரலின் நுண்குழாய் வரை நேராக இறங்கும். ஆள் அவரே, ஒவ்வாமை அதுவே, புல்லும் அதுவே. துகளின் அளவு மாறியதும் தும்மல் மூச்சுத் திணறலாக மாறுகிறது. 1994 ஜூன் 24 மாலை லண்டன் வட்டாரத்தில் இடி மழை அடித்தது. அடுத்த 30 மணி நேரத்தில் 640 பேர் மூச்சுத் திணறலோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியது 66 பேர். வந்தவர்களில் 403 பேருக்கு மகரந்தக் காலத் தும்மல் ஏற்கெனவே உண்டு. 283 பேருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் ஆஸ்துமா.

2016 நவம்பர் 21 மாலை மெல்போர்னில் நடந்தது இதைவிடப் பெரிது. வடக்கிலும் மேற்கிலும் உள்ள புல்வெளிகளின் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு இடிப்புயல் ஒன்று நகரத்தைக் கடந்தது. 30 மணி நேரத்தில் சுவாசக் கோளாறோடு அவசரப் பிரிவுகளுக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிட 3,365 பேர் கூடுதல். ஆஸ்துமாவுக்காக உள்நோயாளிகளாகச் சேர்ந்தவர்கள் 476 பேர் கூடுதல். பத்துப் பேர் இறந்தார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்து அங்கே குடியேறியவர்கள், ஜனத்தொகையில் தங்களுக்குள்ள விகிதத்துக்கு மிஞ்சிப் பாதிக்கப்பட்டார்கள் என்பது நம் கவனத்துக்கு உரியது. ரைகிராஸ் பரவலாக இல்லாத நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்களில் பலர். புதிய ஊரின் புல் அவர்கள் உடம்பில் புதிய ஒவ்வாமையை உண்டாக்கி, ஆண்டுதோறும் தும்மலாக இருந்து, ஒரு மாலைப் பொழுதில் ஆஸ்துமாவாக எழுந்தது. வெறும் மூக்கொழுகல் என்று அலட்சியப்படுத்தப்பட்ட ஒன்று உண்மையில் நிலுவையில் இருந்த ஆபத்து.

மாற்றுக் கருத்துகளில் வலுவானவை இரண்டு. கடுமையைக் கூட்டுவது மருந்தின் போதாமைதான், காற்று அல்ல என்பது முதலாவது. ஸ்டீராய்டு இன்ஹேலரை ஒழுங்காக எடுப்பவருக்கு எந்தத் தூசியும் உயிருக்கு உலை வைக்காது என்று மருத்துவர்கள் சொல்வதில் பெரும் உண்மை இருக்கிறது. லண்டனிலும் மெல்போர்னிலும் ஆஸ்துமா இருப்பதே தெரியாமல், மருந்தே இல்லாமல் இருந்தவர்கள் பலர். ஆனால் இந்த வாதம் என் வாதத்தை மறுக்கவில்லை, அதோடு சேர்கிறது. முதல் முறையாக ஆஸ்துமா வரும் ஒருவர் இன்ஹேலர் வைத்திருக்க வாய்ப்பே இல்லை. அவரைக் காக்கக்கூடியது காற்றைப் பற்றிய முன்னறிவிப்பும், தும்மலைத் தும்மலாக விடாமல் கவனிக்கும் மருத்துவரும்தான். இன்னொரு பக்கம், ஆஸ்துமா எல்லாமே ஒவ்வாமையால் வருவதில்லை. சளிக்கிருமிகள் குழந்தைகளின் ஆஸ்துமாவைப் பெரிதும் கிளப்புகின்றன. மான்செஸ்டரில் செய்து 2002இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒவ்வாமையும் அந்தப் பொருளின் தொடர்பும் கிருமித் தொற்றும் ஒன்றுகூடியவர்களே மருத்துவமனைச் சேர்க்கையில் மற்றவர்களை மிகவும் விஞ்சியதைக் கண்டது. கிருமியை ஒப்புக்கொண்டாலும் காற்றிலுள்ள தூசிக்கு விடுதலை கிடைப்பதில்லை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. காற்றிலிருந்து ஒவ்வாமைப் பொருளை அகற்றினால் கடுமை குறையும் என்றால், வீட்டுத்தூசி உண்ணிக்கு எதிராக மெத்தை, தலையணைக்கு உறை போட்ட பெரிய சோதனைகள் ஏன் தோற்றன? 2003இல் பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்திய சோதனையில் உறையால் எந்தப் பயனும் தெரியவில்லை. அந்தத் தோல்வியை மறைக்க முடியாது. ஆனால் சைலோவுக்கும் மெத்தைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். சைலோவில் தூசி கிளம்பும் வாய் ஒன்று. அதை மூடினால் ஊர் முழுதும் குறைகிறது. உண்ணியோ மெத்தை, கம்பளம், சோபா, துணி, பேருந்து இருக்கை என்று எங்கும் இருக்கிறது. ஒரு வாயை மூடுவது அளவைக் கணிசமாகக் குறைக்காது. அந்தச் சோதனையில் உண்ணி ஒவ்வாமை இல்லாதவர்களும் கலந்திருந்தார்கள். பிறகு 2017இல், உண்ணி ஒவ்வாமை உறுதியான குழந்தைகளிடம் மட்டும் நடத்திய சோதனையில், உறை போட்டவர்களில் 29 சதவீதமும், போடாதவர்களில் 42 சதவீதமும் அவசர சிகிச்சைக்குப் போனார்கள். சரியான ஆளைத் தேர்ந்தெடுத்து, உண்மையிலேயே அளவைக் குறைத்தால் பலன் உண்டு. இரண்டில் ஒன்று தவறினால் பலன் இல்லை. பிளாக்லியின் நூலில் இருந்த இரண்டு உண்மைகளும் இங்கே மறுபடி ஒன்று சேர்கின்றன.

நம் நாட்டிலும் இந்தக் கதைக்கு ஒரு கிளை இருக்கிறது. பார்த்தீனியம் என்ற களைச்செடி 1950களில் புனேயில் கவனிக்கப்பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்பது பரவலான நம்பிக்கை. பெங்களூரு ஆய்வாளர்கள் 1991இல் அதன் மகரந்தத்தை மூக்கழற்சியின் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தார்கள். இன்று தமிழகத்தின் காலி மனைகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் அது வெள்ளைப் பூவோடு நிற்பதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஒவ்வாமைப் பரிசோதனைக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் குடும்பம், சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறதே தவிர, வீட்டுக்கு எதிரில் என்ன முளைத்திருக்கிறது, எந்தக் கிடங்கிலிருந்து தூசி வருகிறது என்று பார்ப்பதில்லை. அந்தக் கேள்விகள் தனிமனிதருடைய பொறுப்பு மட்டும் இல்லை. ஆலைக்கும் கிடங்குக்கும் அனுமதி தருபவர்கள், துறைமுகத்தை நடத்துபவர்கள், நகராட்சி ஆகியோரும் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

ஆண்டுக்கு ஆண்டு தும்மலோடு மருந்துக் கடைக்குப் போகிறவர்கள் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, எந்த மாதம், எந்த இடம், எந்தக் காற்று என்று குறித்துக்கொண்டு போகட்டும்; மார்பு இறுகியது உண்டா என்பதையும் மறைக்காமல் சொல்லட்டும். மருத்துவர்கள் பரிசோதனைச் சீட்டோடு சேர்த்து நோயாளியின் ஊரையும் படிக்கட்டும். ஒவ்வாமை இல்லாத மனிதர்களை உருவாக்கும் வித்தை இன்னும் யாருக்கும் கைவரவில்லை. ஒவ்வாமை உள்ளவர்கள் நோயில் விழாமல் வாழ வழி செய்யலாம் என்பது நிரூபணமான விஷயம். பார்சிலோனாவில் அந்த வழி, ஒரு கோபுரத்தின் உச்சியில் முதல் நாளே பொருத்தியிருக்க வேண்டிய துணிப்பை வடிகட்டியாக இருந்தது.